இரண்டு புள்ளி, ஒரு பெருக்கல்

6 பிப்ரவரி 1945, திருகோணமலை

கப்பலில் யாரும் டயரி எழுதக் கூடாது என்று இன்று காலை உத்தரவு படித்தார்கள். எதிரி கையில் சிக்கினால் ரகசியம் போய்விடுமாம். உத்தரவு இங்கிலீஷில் இருந்தது, நான் எழுதுவது தமிழில். ஜப்பான்காரன் என் கையெழுத்தைப் படித்துத்தான் யுத்தத்தில் ஜெயிக்க வேண்டுமென்றால் ஜெயித்துவிட்டுப் போகட்டும். எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாராலேயே அதைப் படிக்க முடிந்ததில்லை.

என் பெயர் மாசாணம். வயது இருபத்தேழு. தொழில் சலவை. அக்காள் புருஷன் வெயிலுகந்தான் அத்தான்தான் இங்கே சலவைக்குத் தலைவர். மாலுமிகள் தங்கள் துணியைத் தாங்களே கசக்கிக்கொள்கிறார்கள். ஆபீசர்கள் அறுபத்து நாலு பேரின் துணி எங்கள் இருவர் தலையில்.

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர் ஒரு ஜமீன் கிராமம். ஜமீன்தார் வேட்டியைத் தலைமுறை தலைமுறையாக வெளுத்தோம். கூலி கேட்டால் முறைப்பார், கேட்காவிட்டாலும் முறைப்பார். போதுமடா சாமி என்று கடல் தாண்டி ஓடி வந்தோம். துணி மூட்டையும் நாங்களுமாகக் கப்பல் ஏணியடியில் வந்து நின்று, பலகையில் எழுதியிருந்த பெயரை நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'ஜமீன்தார்' என்று இருந்தது. இந்த வகைக் கப்பலுக்கெல்லாம் ராஜா, நவாப் என்று பெயர் வைப்பது வெள்ளைக்காரன் வழக்கமாம்.

அத்தான் மூட்டையை இறக்கி வைத்தார்.

"ஏல மாப்ளே, இந்த ஆளு நம்மள விடவே மாட்டாம் போலிருக்கே."

9 பிப்ரவரி

அமெரிக்காவில் இதைச் சரக்குக் கப்பலாகத்தான் கட்டத் தொடங்கினார்களாம். பாதியில் யாருக்கோ புத்தி மாறி, தலையில் நீளமாக ஒரு பலகையை வைத்து அடித்து, விமானக் கப்பல் என்று சொல்லிவிட்டார்கள். சரக்குக் கப்பல்கள் கூட்டமாகப் போகும்போது துணைக்குப் போவதும், நீர்மூழ்கி வந்தால் விமானத்தை விட்டு விரட்டுவதும் எங்கள் வேலை. நிஜமான பெரிய விமானக் கப்பல்களின் ஆட்கள் துறைமுகத்தில் எங்களைப் பார்த்தால் சிரிக்கிறார்கள்.

சலவை அறையில் ஆவி இயந்திரம், மின்சார இஸ்திரி, வெந்நீர்க் குழாய் எல்லாம் இருக்கிறது. மேலே ஐஸ்கிரீம் செய்யும் இயந்திரம்கூட உண்டு. எங்கள் காலுக்குக் கீழே இரண்டு தட்டு இறங்கினால் விமானப் பெட்ரோல். அத்தான் இதைக் கேட்டுக்கொள்ளாமல் ஊரிலிருந்து கொண்டுவந்த கரி இஸ்திரிப் பெட்டியை எடுத்து நெருப்புப் போட்டார். ஐந்து நிமிஷத்தில் பதினாலு வெள்ளைக்காரர்கள் வாளியோடு வந்துவிட்டார்கள். பெட்டி இப்போது கேப்டன் அறையில் காவலில் இருக்கிறது.

இஸ்திரி மேஜைக்கு ஒரு கால் குட்டை. அமெரிக்காவிலும் தச்சன் தச்சன்தான்.

15 பிப்ரவரி

ஆபீசர்கள் சட்டைக் காலரில் தங்கள் பெயரை மையால் எழுதிக் கொடுத்திருந்தார்கள். முதல் சலவையில் அறுபத்து நாலு பெயரும் காணாமல் போயின. அத்தான் கைக்கு இங்கிலீஷ் மை தாங்காது. பிறகு அவர் சேங்கொட்டையை எடுத்து, ஊசியால் குத்தி, அந்தச் சாற்றில் காலரின் உள்பக்கம் குறி வைத்து, மேலே சுண்ணாம்பு தடவினார். துணி கிழிந்தாலும் இந்தக் குறி போகாது. ஒருவருக்கு ஒரு புள்ளி, ஒருவருக்குக் கோடு, ஒருவருக்குப் பெருக்கல். எது யாருடையது என்று எழுதி வைப்பதில்லை, எல்லாம் அவர் தலைக்குள்.

சப்ளை துரை ஒரு பட்டியல் கேட்டார். இவர்தான் எங்களுக்கு மேலதிகாரி, சிவந்த மூக்கு. அத்தான் முடியாது என்றுவிட்டார்.

"டாக்டர் எழுதுத மருந்துச் சீட்டு யாருக்காது புரியுதா? அவர்ட்ட பட்டியல் கேட்டாகளா? கேட்டுச் சொல்லு மாப்ளே."

நான் இதை இங்கிலீஷில் சொல்லும்போது கொஞ்சம் மரியாதை சேர்த்துக்கொண்டேன்.

21 பிப்ரவரி

ஹார்லோ துரையைப் பற்றி எழுத வேண்டும். மூன்று பேர் உட்காரும் குண்டு விமானம் ஒன்றை ஓட்டுகிறார். துணி வாங்க வேலைக்காரனை அனுப்பாமல் தானே வருவார். மேஜை மேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு பேசுவார். தமிழில் காலை வணக்கத்துக்கு என்ன சொல்வது என்று கேட்டார். அத்தான் சொல்லிக் கொடுத்த வார்த்தை வணக்கம் அல்ல. ஹார்லோ அதை இப்போது தினமும் கேப்டனுக்குச் சொல்கிறார். கேப்டனும் திருப்பிச் சொல்கிறார்.

இவருக்கு ஒரு மகள் பிறந்து ஐந்து மாதம். இன்னும் பார்க்கவில்லை. படம் காட்டினார். மொட்டைத் தலையும் கோபமுமாக இருந்தது. தன் ஜாடை தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது, வளர்ந்தால் போய்விடும் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். அவர் குறி இரண்டு புள்ளி, ஒரு பெருக்கல்.

அதே விமானத்தில் பின்னால் உட்கார்ந்து வழி பார்த்துச் சொல்கிறவர் பிம் துரை. குறி மூன்று கோடு. இந்த ஆள் பேச மாட்டார். சீட்டு எழுதுவார். 'காலரில் கஞ்சி அதிகம்.' 'இடது கைப் பொத்தான் தளர்ந்திருக்கிறது.' 'கஞ்சி இன்னும் அதிகம்.' ஒவ்வொன்றிலும் தேதி, மணி, கையெழுத்து. யுத்தத்தையே கஞ்சிக்காகத்தான் நடத்துகிறார்கள் என்று நினைப்பு.

ஆனால் சீட்டு நல்ல கெட்டித் தாள். மடித்து மேஜைக் காலுக்கு அடியில் வைத்தேன். ஏழு சீட்டில் ஆட்டம் பாதி நின்றுவிட்டது.

2 மார்ச், கடல்

எங்கே போகிறோம் என்று எங்களுக்குச் சொல்வதில்லை. வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து கிழக்கு என்று கண்டுபிடித்தேன்.

மேலே போய் விமானம் இறங்குவதைப் பார்த்தேன். தளத்தின் ஓரத்தில் ஒருவன் இரண்டு கையிலும் மட்டை வைத்துக்கொண்டு வயலில் காக்காய் ஓட்டுகிறவன் மாதிரி ஆட்டுகிறான். அதைப் பார்த்து இறங்க வேண்டுமாம். முதல் விமானம் தளத்தின் குறுக்கே கட்டியிருக்கும் கம்பியைப் பிடித்து நின்றது. இரண்டாவது மூக்கால் இறங்கியது. ஹார்லோ இறங்கும்போது ஒரு கையை வெளியே நீட்டி அசைத்தார். பின்னாலிருந்து பிம் இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு சீட்டு எழுத ஆரம்பித்தார். ஆண்டவனே.

9 மார்ச்

இன்று இஸ்திரிப் பெட்டி ஒரு தினுசாக நடந்துகொண்டது. பிம் துரையின் சட்டை ஒன்றுக்குச் சிறிய அசௌகரியம். ஏற்பாடு செய்துவிட்டேன். மதியம் ஐஸ்கிரீம் கொடுத்தார்கள்.

ஹார்லோ துரைக்கும் பிம் துரைக்கும் ஒரே அளவு, கழுத்து பதினைந்து அங்குலம். சும்மா எழுதி வைக்கிறேன்.

10 மார்ச்

ஆறு சட்டை போட்டேன், ஐந்துதான் வந்தது என்றார் ஹார்லோ. கடல் காற்று ஒன்றை வாங்கிக்கொண்டிருக்கும் என்றேன். சிரித்துக்கொண்டே போனார். தங்கமான மனுஷன்.

14 மார்ச்

காலையில் அவசரமாக மணி அடித்தது. எல்லோரும் ஓடுகிற நேரத்தில் பிம் துரை சலவை அறை வாசலில் வந்து நின்றார். வழக்கம்போல் வாசலில் இருக்கிற டப்பாவில் போடாமல் சீட்டைக் கையில் கொடுத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. நான் தலையணை உறைகளை மும்முரமாக எண்ண ஆரம்பித்தேன். இருபத்து மூன்று வரை எண்ணினேன். நிமிர்ந்தபோது போய்விட்டிருந்தார். சீட்டை மடித்துக் காலுக்கு அடியில் செருகினேன். மேஜை இப்போது கல் மாதிரி நிற்கிறது.

அதே நாள், மாலை

ஹார்லோவின் விமானம் திரும்பவில்லை. அவர், பிம், பின்னால் துப்பாக்கி பிடிக்கிற பையன் ஸ்டோக்ஸ். தீப்பிடித்துக் கடலில் இறங்கியதைப் பக்கத்து விமானம் பார்த்ததாம்.

மட்டைக்காரன் இருட்டும் வரை தளத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

15 மார்ச்

தேடினார்கள். எண்ணெய்தான் மிதந்தது.

18 மார்ச்

ஒருவர் கிடைத்துவிட்டார்.

சலவை அறைக்கு சப்ளை துரை ஓடியே வந்தார். துணைக்கு வந்த நாசகாரிக் கப்பல் ஒன்று நேற்று முன்தினம் ரப்பர் மிதவையிலிருந்து ஒரு ஆளை எடுத்து, நேரே திருகோணமலை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாம். முகமும் கையும் வெந்து தலை முழுக்கக் கட்டு. காய்ச்சலில் நினைவில்லை. பெயர் பொறித்துக் கழுத்தில் போட வேண்டிய வில்லையைக் காணோம். வேர்க்குரு குத்துகிறது என்று அதை யாரும் போட்டுக்கொள்வதே இல்லை. சட்டை இருக்கிறது. காலரில் பெயர் இல்லை, ஏதோ கிறுக்கியிருக்கிறது. அந்தக் கிறுக்கலைக் கம்பியில்லாத் தந்தியில் கேட்டிருக்கிறார்கள். இரண்டு புள்ளி, ஒரு பெருக்கல்.

அத்தான் ஒரு நொடி யோசிக்கவில்லை.

"ஹார்லோ துரை. நா வச்ச குறி, பொய் சொல்லாது."

சப்ளை துரை அத்தானைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ரொம்ப சந்தோஷம். ஹார்லோ பிழைத்துவிட்டார். ரொம்ப சந்தோஷமான நாள். இரவு சாப்பிடவில்லை, கடல் கொஞ்சம் ஆட்டமாக இருந்தது.

19 மார்ச்

ஒலிபெருக்கியில் கேப்டனே பேசினார். கப்பலின் சலவைத் துறை ஒரு உயிருக்குப் பெயர் கொடுத்திருக்கிறது என்றார். கப்பல் முழுக்கக் கைதட்டல். அத்தானுக்கு ரம் வந்தது, கரி இஸ்திரிப் பெட்டியும் விடுதலையாகி வந்தது. ஐஸ்கிரீம் ஒருவருக்கு இரண்டு கரண்டி.

ஹார்லோவின் மனைவிக்குத் தந்தி போய்விட்டது. பிம்மின் அம்மாவுக்கும் ஒரு தந்தி போனது. அதைப் பற்றி யாரும் ஒலிபெருக்கியில் பேசவில்லை.

கடல் இன்று அசையவே இல்லை. இருந்தாலும் சாப்பிடப் பிடிக்கவில்லை.

22 மார்ச்

ஹார்லோவின் மனைவி பதில் தந்தி கொடுத்திருக்கிறாள். சப்ளை துரை எடுத்துவந்து படித்துக் காட்டினார். சலவைக்காரருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள், குழந்தைக்கு அவர் பெயரைச் சொல்லி வளர்ப்பேன் என்று இருந்தது. அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 'வெயிலுகந்தான்' என்ற பெயரை அந்தப் பொம்பளை எப்படிச் சொல்லுவாள் என்று கவலைப்பட்டார்.

நான் தலையணை உறைகளை எடுத்து மறுபடி எண்ண ஆரம்பித்தேன்.

24 மார்ச்

சரி, எழுதித் தொலைக்கிறேன். இந்த நோட்டிலாவது.

9ஆம் தேதி இஸ்திரிப் பெட்டி ஒன்றும் செய்யவில்லை, நான்தான் செய்தேன். பிம் சட்டையின் மேல் பெட்டியை வைத்துவிட்டு ஐஸ்கிரீம் வந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன். திரும்பி வந்தால் முதுகில் பெட்டி அளவுக்குக் கருகல். அந்த ஆள் சீட்டு எழுதுவார், சப்ளை துரையிடம் போவார், அத்தான் முன்னால் என் மானம் போகும். ஹார்லோவிடம் ஒன்று குறைந்தால் அவர் சிரிப்பார். அதனால் ஹார்லோவின் சட்டை ஒன்றை மடித்து பிம் மூட்டையில் வைத்தேன். கருகியதைச் சோப்புப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்தேன். குறியை மாற்ற முடியாது, சேங்கொட்டையாயிற்றே. காலரின் உள்பக்கத்தை எந்த வெள்ளைக்காரன் பார்க்கப் போகிறான் என்று விட்டுவிட்டேன்.

ஆகவே இரண்டு புள்ளி, ஒரு பெருக்கல் போட்ட சட்டை இரண்டு பேரிடமும் இருந்தது. ஹார்லோவிடம் ஐந்து, பிம்மிடம் ஒன்று. ஐந்துக்கு ஒன்று. பிம் அன்றைக்கு அதைத்தான் போட்டார் என்று யார் கண்டது? அவருடைய சொந்தச் சட்டை ஐந்து இருந்ததே. ஆஸ்பத்திரியில் இருப்பது ஹார்லோதான். கணக்குப்படி ஹார்லோதான்.

இந்தக் கணக்கை ஆறு நாளாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

26 மார்ச்

பிம்மின் துணிகளைச் சுத்தம் செய்து அம்மாவுக்கு அனுப்பும்படி உத்தரவு. அவர் பெட்டியிலிருந்த துணியெல்லாம் சலவை அறைக்கு வந்தது. அத்தான் வழக்கம்போல் எண்ணினார். நான் பக்கத்தில் நின்று அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று கோடு போட்ட சட்டைகள் நாலு வந்தால் போதும், நாலோடு நின்றுவிடு என்று கும்பிட்டேன். நாலு என்றால் ஒன்றைப் போட்டுக்கொண்டு பறந்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஐந்து வந்தது. ஐந்தும் மடிப்புக் கலையாமல் இருந்தது. அன்றைக்கு பிம் போட்டிருந்தது தன் சட்டை இல்லை.

"ஆறுல்லா இருக்கணும்? ஒன்ன எங்க?" என்றார் அத்தான்.

நான் சோப்புப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு அதை எடுத்து மேஜை மேல் வைத்தேன். அவர் கருகலைப் பார்த்தார். காலரைத் திருப்பி மூன்று கோட்டைப் பார்த்தார். ஹார்லோவின் ஒரு சட்டை குறைந்தது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அப்படியே சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங் குறியப் பொய் சொல்ல வச்சிட்டியல" என்றார். அதோடு சரி.

27 மார்ச்

காலை பத்து மணிக்கு மேல் நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். விட்டுவிடலாம் அத்தான் என்றேன். ஆஸ்பத்திரியில் இருக்கிற ஆள் கண் விழித்தால் தானே சொல்லிக்கொள்ளப் போகிறார், நாமாகப் போய் ஏன் தலையைக் கொடுக்க வேண்டும் என்றேன். முழுசாகச் சொல்லிவிடுகிறேன், எனக்குத் தலையைப் பற்றிய பயம் மட்டும் இல்லை. நான் வாயைத் திறந்தால் ஹார்லோ செத்துப்போவார். திறக்காதவரைக்கும் மேஜை மேல் உட்கார்ந்து காலை ஆட்டுகிற மனுஷன் எங்கேயோ உயிரோடு இருக்கிறார். கப்பலில் எண்ணூறு பேர். எண்ணூறு பேரும் அவர் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள். பிம் இருக்க வேண்டும் என்று ஒருத்தனும் நினைக்கவில்லை. நானும்தான்.

அத்தான் பிம்மின் ஐந்து சட்டைகளையும் அடுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"இவனுக்கும் ஒரு அம்மாக்காரி இருக்கால்லா. உசுரோட இருக்க மவனுக்கு அவ அங்க அழுதுக்கிட்டு இருக்கா. முழிக்காமலே அவம் போய்ட்டாம்னு வையி, ஹார்லோன்னு சொல்லியில்லா பொதைப்பாங்க."



சப்ளை துரை நம்ப மாட்டார் என்றேன். சட்டை எண்ணிக்கையை வைத்து ஒரு ஆளைக் கொன்று இன்னொரு ஆளைப் பிழைக்க வைத்தால் எந்த ஆபீசர் ஏற்பான்? அப்போதுதான் அத்தான் கேட்டார், பறந்த அன்றைக்குக் காலையில் பிம் ஒரு சீட்டுக் கொடுத்தானே, அது எங்கே என்று.

மேஜையைத் தூக்கினோம். பதினேழு சீட்டு இருந்தது. முதல் நாலைந்தைத் தவிர நான் எதையும் படித்ததே இல்லை. கடைசிச் சீட்டு மற்றதைவிட நீளம். படித்து அத்தானுக்குத் தமிழில் சொன்னேன். அதை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

'மார்ச் 14, காலை 6.10. திரு. மாசாணம் அவர்களுக்கு. நான் இப்போது அணிந்திருக்கும் சட்டையில் இரண்டு புள்ளியும் ஒரு பெருக்கலும் உள்ளன. அது ஹார்லோவின் குறி. என்னுடையது மூன்று கோடு. போட்ட பிறகுதான் கவனித்தேன், மாற்ற நேரமில்லை. மாலையில் கொண்டுவந்து தருகிறேன். உங்களுக்குச் சிக்கல் வரக் கூடாது என்பதால் ஹார்லோவிடம் சொல்லவில்லை. கஞ்சி இந்த முறை சரியாக இருந்தது. பிம்.'

திரு. மாசாணம் என்று என்னை இதுவரை யாரும் எழுதியதில்லை. ஜமீன்தார் எங்களைக் கைதட்டித்தான் கூப்பிடுவார்.

அத்தான் சீட்டை என் கையிலிருந்து வாங்கி, அவருக்குத் தெரியாத எழுத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நம்ம குறியப் படிச்சிருக்காம்ல. அறுவத்து நாலு பேர்ல இவன் ஒருத்தன்தான் படிச்சிருக்காம்."

அந்தச் சீட்டைக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் ஒரு நிமிஷத்தில் எழுத்து கரைந்துவிடும். நான் அதை நினைக்கவில்லை என்று எழுதினால் அது பொய். குழாய் பக்கத்திலேயே இருந்தது. அத்தான் தலையில் முண்டாசைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நான் சீட்டையும் கருகிய சட்டையையும் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

அதே நாள், மாலை

சப்ளை துரை சீட்டை மூன்று முறை படித்தார். சட்டையின் கருகலை விரலால் தடவினார். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆஸ்பத்திரியில் இருப்பது பிம் என்று உனக்கு நிச்சயமா?

"நிச்சயம் துரை. அப்படி இல்லாமல் இருக்க ஒன்பது நாளாக வேண்டிக்கொண்டிருக்கிறேன்."

நானும் அதையேதான் வேண்டிக்கொள்கிறேன் என்றார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு கேப்டனிடம் போனார். எங்களை அடைத்து வைப்பார்கள் என்று நினைத்து அத்தான் பொடி மட்டையை இடுப்பில் பத்திரப்படுத்திக்கொண்டார். யாரும் அடைக்கவில்லை. பேசவும் இல்லை.

28 மார்ச்

இரண்டு தந்திகளும் திருத்தப்பட்டுப் போயின, ஆஸ்பத்திரிக்கும் ஒன்று போனது. கேப்டன் ஒலிபெருக்கியில் மூன்று வரி பேசினார். சலவைத் துறையின் பெயரைச் சொல்லவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை, அது அவர் பெரிய மனசு. சீட்டும் கருகிய சட்டையும் எனக்கே திரும்பி வந்தன.

ஐஸ்கிரீம் இல்லை. இயந்திரம் பழுது என்றார்கள்.

ஹார்லோ வழக்கமாக உட்காருகிற இடத்தில் இன்று துணி அடுக்கவில்லை. அந்தக் குழந்தை வளர்ந்து ஜாடை போய்விடும் என்று சொன்னேனே, அந்த வாயைத் தைக்க வேண்டும்.

3 ஏப்ரல், திருகோணமலை

துறைமுகம் வந்தோம். ஹார்லோவின் துணியை அத்தான் என்னைத் தொட விடவில்லை. ஐந்து சட்டையில் நாலுதான் இருந்தது, ஐந்தாவதைப் போட்டுக்கொண்டு போயிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து பிம் போட்டிருந்ததை அனுப்பினார்கள். டாக்டர்கள் கத்தரியால் இரண்டாக வெட்டியிருந்தார்கள். அத்தான் அதைத் துவைத்து, தைத்து, கரிப் பெட்டியால் இஸ்திரி போட்டார். இந்த முறை எந்த வெள்ளைக்காரனும் வாளி கொண்டுவரவில்லை. இரண்டு புள்ளி, ஒரு பெருக்கல் மேலே தெரியும்படி மடித்து, ஐந்தாக அடுக்கிக் கட்டினார். ஹார்லோவின் மனைவிக்கு அது என்னவென்று தெரியாது. இருக்கட்டும் என்றார்.

5 ஏப்ரல்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அத்தான் வரவில்லை, நீதானே கருக்கினாய் நீயே போ என்றுவிட்டார்.

பிம் துரைக்கு நினைவு வந்து பத்து நாள் ஆகிறதாம். தலைக்கட்டில் ஒரு கண்ணும் வாயும் மட்டும் திறந்திருந்தது. வலது கை முழுக்கக் கட்டு. அவர் நினைவு வந்து சொன்ன முதல் வார்த்தையே தன் பெயர்தானாம். என்னை 'மிஸ்டர் ஹார்லோ' என்று கூப்பிடாதீர்கள் என்று நர்ஸிடம் கோபப்பட்டாராம். அவர்கள் ஜுரப் பிதற்றல் என்று ஊசி போட்டிருக்கிறார்கள். எங்கள் தந்தி வந்த பிறகுதான் ஊசி நின்றது.

நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். இஸ்திரி, ஐஸ்கிரீம், மாற்றி வைத்தது, மேஜைக் கால், பதினேழு சீட்டு. தலையணை உறை எண்ணினதையும் சொன்னேன். அவர் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"ஸ்டோக்ஸ் விமானத்தோடேயே மூழ்கிவிட்டான். மிதவையில் ஒருவருக்குத்தான் இடம் இருந்தது. ஹார்லோ என்னைத் தள்ளி ஏற்றினான். என் சட்டையைப் பிடித்துத் தூக்கினான். காலரைப் பார்த்துச் சிரித்தான். 'திருடா, இது என் சட்டை' என்றான்."

நான் அந்த வார்டில் எல்லோர் முன்னாலும் அழுதேன். பக்கத்துக் கட்டில்காரன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

கொண்டுபோயிருந்த பொட்டலத்தைப் பிரித்து வைத்தேன். கருகின சட்டைதான். நன்றாகத் துவைத்து, கஞ்சி போட்டு, எத்தனை கவனமாக முடியுமோ அத்தனை கவனமாக இஸ்திரி போட்டிருந்தேன். கருகல் போகவில்லை, போகவும் போகாது. அவர் இடது கையால் காலரைத் திருப்பி மூன்று கோட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு நர்ஸிடம் தாளும் பென்சிலும் கேட்டார். இடது கையால் எழுதினார். நாலு வரிக்குக் கால் மணி நேரம் ஆனது. நடுவில் பென்சில் இரண்டு முறை விழுந்தது, நான் எடுத்துக் கொடுத்தேன்.

'ஏப்ரல் 5, மாலை 4.40. திரு. மாசாணம் அவர்களுக்கு. சட்டை ஒன்று. குறி சரி. முதுகில் கருகல். பெற்றுக்கொண்டேன். கஞ்சி அதிகம். பிம்.'

6 ஏப்ரல்

பதினெட்டுச் சீட்டையும் தேதி வாரியாக அடுக்கி இந்த நோட்டுக்குள் வைத்துவிட்டேன். மேஜை பழையபடி ஆடுகிறது. அத்தான் காலையிலிருந்து ஒரு மரத்துண்டு தேடித் தரச் சொல்லித் திட்டிக்கொண்டிருக்கிறார். நாளைக்குப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.